காலாங் ஆற்றோரம்: பீஷான் பூங்காவிலிருந்து படுகை வரை

சிங்கப்பூருக்கு வரும் உறவினர்களுக்கு மரினா பே, செந்தோசா, முஸ்தபா எல்லாம் சுற்றிக் காட்டிய பிறகும் ஒரு காலைப் பொழுது மிச்சமிருந்தால் அவர்களைக் காலாங் ஆற்றங்கரைக்கு அழைத்துப் போங்கள். இங்கேயே குடியிருப்பவர் என்றால் விருந்தாளிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, வரும் ஞாயிறே போய்விடலாம். இந்தத் தீவின் மிக நீளமான ஆறு இதுதான். நீளம் என்றால் 10 கிலோமீட்டர். லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் தொடங்கி, பீஷான், தோ பாயோ, பொத்தோங் பாசிர், பெண்டமியர் என்று பேட்டை பேட்டையாகப் புகுந்து, தேசிய விளையாட்டரங்கத்துக்கு எதிரே காலாங் படுகையில் கலக்கிறது. பீஷான் பூங்காவிலிருந்து அதன் கரையை ஒட்டியே பூங்கா இணைப்புப் பாதையும் போகிறது.

வழியில் ஏற்றம் என்று சொல்ல எதுவும் கிடையாது. மலையேறும் காலணியும் கைத்தடியும் தேவையில்லை. அதனாலேயே பலர் இதை இலேசாக எடுத்துக்கொள்கிறார்கள். காலை உணவை முடித்து ஒன்பதரைக்குக் கிளம்பி, பதினொன்றரைக்குள் தலை கனத்து, பாதி வழியில் டாக்சி பிடிக்கிறார்கள். சமதளப் பாதையில் நம்மைச் சோர்வடையச் செய்வது வெயிலும், மாற்றமே இல்லாமல் ஒரே மாதிரி விழும் காலடியும்தான். இந்த வழிக்கு நான் சொல்லும் முதல் யோசனை: கிலோமீட்டரைக் கணக்கிடாதீர்கள். நிழல் எங்கே இருக்கிறது, அடுத்த ரயில் நிலையம் எங்கே இருக்கிறது என்பதைக் கணக்கிடுங்கள்.

எப்போது கிளம்புவது

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கத்துக் கடிகாரம் கொஞ்சம் பழக வேண்டும். சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. ஆனால் சூரியன் அந்த வேகத்துக்கு வருவதில்லை. நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர் என்பதால் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஏழு மணிக்கு விடிந்து, ஏழு மணிக்கு இருட்டுகிறது. உச்சி வெயில் பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஒரு மணிக்கு. ஊர்ப் பழக்கத்தில் ஐந்து மணிக்கு எழுந்து கிளம்பினால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருட்டில்தான் நடக்க வேண்டியிருக்கும். ஆறே முக்காலுக்குப் பூங்காவில் இருந்தால் சரியாக இருக்கும். நிதானமாக நடந்து, இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்தாலும் பத்தரைக்குள் படுகையை எட்டிவிடலாம். மாலையில் போக நினைப்பவர்கள் ஐந்தரைக்கு முன்னால் கிளம்ப வேண்டாம். இங்கே ஐந்து மணி வெயிலில் இன்னும் சூடு குறைந்திருக்காது.

எனக்குக் காலைதான் பிடிக்கும். பிற்பகலில் இடி மழைக்கு வாய்ப்பு அதிகம் என்பது ஒரு காரணம். மார்ச் கடைசி முதல் மே வரையும், அக்டோபர், நவம்பரிலும் மதியத்துக்கு மேல் வானம் கறுத்து ஊற்றுவது வழக்கம். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை. சில நாள் விடாமல் பெய்யும். இவை தவிர 'சுமத்ரா' என்று இங்கே எல்லோரும் சொல்லும் சூறைக்காற்று மழை ஒன்று உண்டு. ஏப்ரலிலிருந்து நவம்பருக்குள், பெரும்பாலும் விடிவதற்கு முன்போ விடிந்தவுடனோ மேற்கிலிருந்து வரும். ஒன்றிரண்டு மணி நேரம் அடித்துவிட்டுப் போய்விடும். அன்று நடையைக் கைவிடாமல், மழை விட்ட பிறகு கிளம்புங்கள். காற்று குளிர்ந்திருக்கும். ஆற்றில் நீரும் ஓடும்.

மழையைவிட மின்னலுக்குத்தான் பயப்பட வேண்டும். உலகில் மின்னல் அதிகம் விழும் இடங்களில் இந்தத் தீவும் ஒன்று. இடி கேட்டதும் மரத்தடியில் குடையோடு ஒதுங்குவது நம் ஊர் வழக்கம், அதை இங்கே செய்யாதீர்கள். அடுக்குமாடி புளோக்கின் அடியில் திறந்திருக்கும் வெற்றுத்தளத்துக்கோ ரயில் நிலையத்துக்கோ போய்விடுங்கள். தோ பாயோவுக்கு வந்த பிறகு அது எப்போதும் எட்டும் தூரத்தில் இருக்கும். பூங்காவின் நடுவில் இருக்கும்போதுதான் முன்கூட்டியே நகர வேண்டும்.

எதை எடுத்துப் போவது

ஒரு குடை. தொப்பியைவிட அது மேல். வெயிலுக்கும் ஆகும், மழைக்கும் ஆகும். குடையோடு நடப்பவரை இங்கே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தண்ணீர் ஒரு லிட்டராவது வேண்டும். குழாய்த் தண்ணீர் குடிக்க ஏற்றது என்பதால் தீர்ந்தால் நிரப்பிக்கொள்ளலாம். காலணி மெத்தென்று இருக்கட்டும். பாதை முக்கால்வாசி சிமெண்டும் தாரும்தான். கனமான அடிப்பாகம் கொண்ட காலணி இங்கே பாதத்துக்குச் சுமை. கொசு விரட்டிக் களிம்பைப் பகலிலும் பூசிக்கொள்ளுங்கள், டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு கடிப்பது பகலில்தான். பேட்டைகளுக்குள் சிவப்புப் பதாகை கட்டியிருந்தால் அந்த வட்டாரத்தில் டெங்கி அதிகம் என்று பொருள். அங்கே உட்கார்ந்து இளைப்பாற வேண்டாம். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை புகைமூட்டம் வரக்கூடும். கிளம்பும் முன் அன்றைய காற்றுத்தரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரயிலுக்குத் தனியாகச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. தொடுதல் முறையில் இயங்கும் விசா, மாஸ்டர்கார்டு அட்டையை வாயிலில் தட்டினால் போதும்.

தொடக்கம்: நீர்த்தேக்கமா, பூங்காவா

ஆற்றைத் தலையிலிருந்து பார்த்துவிட வேண்டும் என்று நினைப்பவர்கள் லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் தொடங்கலாம். காலாங் ஆற்றின் குறுக்கே கரை கட்டி, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய நீர்த்தேக்கம் அது. முதலில் அதன் பெயரே காலாங் ஆற்று நீர்த்தேக்கம்தான். நகராட்சிப் பொறியாளர் ராபர்ட் பியர்ஸின் பெயரை 1922-இல் வைத்தார்கள். காட்டுக்குள் பலகைப் பாதை ஒன்று இருக்கிறது, நீள்வால் குரங்குகளும் இருக்கின்றன. பிளாஸ்டிக் பை கையில் தொங்கினால் அதில் தின்பண்டம் இருப்பதாகவே அவை முடிவு செய்யும்; எல்லாவற்றையும் முதுகுப் பைக்குள் வைத்து மூடிவிடுங்கள். ஒரு வாழைப்பழம்கூடக் கொடுக்காதீர்கள். காட்டுயிருக்கு உணவளித்தால் முதல் தடவையே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கச் சட்டம் இருக்கிறது. ஆலமரத்தடிக் குரங்குக்குப் பொரி போட்டுப் பழகிய நம் பாட்டிமாருக்கு இதை முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

நீர்த்தேக்கத்திலிருந்து பூங்காவுக்கு அப்பர் தாம்சன் சாலையோர நடைபாதையில் வர வேண்டும். அந்த வட்டாரம் பராட்டாக் கடைகளுக்குப் பேர்போனது, வயிற்றைக் கவனித்துக்கொள்ளலாம். சிறு பிள்ளைகளோ வயதானவர்களோ உடன் இருந்தால் இந்தப் பகுதியை விட்டுவிட்டு நேரே பூங்காவில் தொடங்குங்கள். பீஷான் நிலையத்திலிருந்தோ அங் மோ கியோ நிலையத்திலிருந்தோ சற்றேறக்குறைய கால்மணி நேர நடை.

பீஷான்-அங் மோ கியோ பூங்கா

நேரம் குறைவாக இருந்தால் மற்ற இடங்களில் குறைத்துக்கொள்ளுங்கள், இங்கே குறைக்காதீர்கள். இந்த வழியின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

62 ஹெக்டேர் பூங்கா, 1988-இல் திறக்கப்பட்டது. அப்போது அதன் ஓரமாகக் காலாங் ஆறு 2.7 கிலோமீட்டர் தூரத்துக்கு நேர்க்கோட்டில், சிமெண்டுச் சுவர்களுக்கு நடுவே, வேலி போட்ட கால்வாயாக ஓடிக்கொண்டிருந்தது. மழைநீரைச் சீக்கிரம் கடலுக்கு அனுப்ப அந்தக் காலத்தில் தெரிந்த வழி அது. கால்வாயைப் பழுது பார்க்க வேண்டிய காலம் வந்தபோது பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் சேர்ந்து வேறு முடிவு எடுத்தன. 2006-இல் தொடங்கிய நீர்நிலை மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் சிமெண்டை உடைத்து எடுத்து, ஆற்றைப் பூங்காவுக்குள்ளேயே வளைந்து நெளிந்து ஓட விட்டார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்பர்ட் டிரைசெயிட்டலின் நிறுவனம் வடிவமைத்தது. 2012 மார்ச்சில் பூங்கா மறுபடி திறந்தபோது 2.7 கிலோமீட்டர்க் கால்வாய் 3.2 கிலோமீட்டர் ஆறாகியிருந்தது. அந்தக் கூடுதல் அரைக் கிலோமீட்டர் முழுவதும் வளைவுதான்.

கரையோரமாக இறங்கிக் குனிந்து பாருங்கள். மண் சரியாமல் இருக்கச் சுவர் எதுவும் கட்டவில்லை. கற்களை அடுக்கி, அவற்றின் இடுக்குகளில் செடித் தண்டுகளைச் செருகியிருக்கிறார்கள். சில இடங்களில் குச்சிகளைக் கட்டுக்கட்டாகப் பிணைத்துக் கரையில் பதித்திருக்கிறார்கள். தண்டு வேர்விட்டு, வேர் கல்லைச் சுற்றி மண்ணுக்குள் போய் இறுகப் பிடித்துக்கொண்டது. இன்று கல் எது, வேர் எது என்று பிரித்துப் பார்ப்பதே கடினம். வெப்பமண்டலத்தில், இவ்வளவு கனமழை பெய்யும் இடத்தில் எந்தச் செடி தாங்கும் என்று முதலில் பூங்காவின் ஒரு மூலையில் சோதித்துப் பார்த்த பிறகே முழு ஆற்றிலும் செய்தார்கள். நம் ஊரில் வாய்க்கால் கரையில் வெட்டிவேரும் நொச்சியும் வைத்த பெரியவர்களுக்கு இந்த வேலையின் அருமை பார்த்தவுடன் விளங்கும்.

பழைய கால்வாயின் சிமெண்டுப் பாளங்கள் எங்கே போயின என்றால், பூங்காவை விட்டு வெளியே போகவில்லை. அவற்றை ஒரு குன்றாகக் குவித்து மேலே புல் வளர்த்துவிட்டார்கள். இந்த வழியில் ஏறுவதற்கு இருப்பது அந்தக் குன்று ஒன்றுதான். மேலே நின்றால் ஆறு திரும்பும் இடங்கள் எல்லாம் தெரியும்.

பிள்ளைகள் ஆற்றில் இறங்கலாமா என்று பெற்றோர்கள் கேட்கிறார்கள். வெயில் நாளில் தண்ணீர் கணுக்கால் அளவுதான், குறுக்கே மிதிகற்கள் இருக்கின்றன, அவற்றில் தாண்டிப் போவது பிள்ளைகளுக்குப் பெரிய கொண்டாட்டம். ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆறு வெள்ளத்தை வாங்கிக்கொள்வதற்காகவே அகலமாக அமைக்கப்பட்டது. முன்பு 17 முதல் 24 மீட்டர் அகலமிருந்த நீர்வழி, கனமழையில் இப்போது 100 மீட்டர் வரை விரியும். நீங்கள் காலையில் உட்கார்ந்திருந்த புல்வெளி மாலையில் தண்ணீருக்கு அடியில் இருக்கலாம். நீர்மட்டம் ஏறத் தொடங்கினால் எச்சரிக்கை விளக்குகள் மின்னும், சங்கு ஒலிக்கும், அறிவிப்பு வரும். இவை எதற்கும் காத்திருக்க வேண்டாம். உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும் மேற்கே கறுத்திருந்தால் கரைக்கு ஏறிவிடுங்கள்.

இனி நீர்நாய்கள். 1970-களுக்குப் பிறகு சிங்கப்பூரில் அரிதாகிப்போன இவை 1998 வாக்கில் வடக்கே சுங்கை பூலோவில் மறுபடி தென்பட்டன. பிறகு ஒரு குடும்பம் இந்தப் பூங்காவைக் கண்டுபிடித்துக் குடியேறி, நாடே பெயர் சொல்லும் அளவுக்குப் பிரபலமானது. அவற்றின் வம்சம் இப்போது ஆற்றின் நீளத்துக்கும் படுகையிலும் திரிகிறது. இன்ன நாளில் இன்ன இடத்தில் என்று சொல்ல முடியாது. விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் தண்ணீரில் கூட்டமாக அம்புபோல் கோடு கிழித்துப் போனால் அவைதான். ஜிலேபி மீனைப் பிடித்ததும் கரையேறி, முன்கால்களால் அழுத்திக்கொண்டு தலையிலிருந்து தின்னத் தொடங்கும். எலும்பு நொறுங்கும் சத்தம் எதிர்க்கரைக்கே கேட்கும்.

பார்க்கும்போது குறைந்தது பத்து மீட்டர் தள்ளி நில்லுங்கள், குட்டிக்கும் தாய்க்கும் நடுவே போகாதீர்கள், கேமராவின் பளிச்சொளியை அணைத்துவிடுங்கள். பார்க்கச் செல்லமாக இருந்தாலும் கடி பலமானது. 2021-இல் தாவரவியல் பூங்காவில் நடைப்பயிற்சிக்குப் போன ஒருவரைக் கூட்டமாகச் சேர்ந்து பல இடங்களில் கடித்துவிட்டன. நாயோடு வருகிறவர்கள் கயிற்றைக் கையில் சுருக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உடும்பும் இங்கே சாதாரணம். ஒன்றரை மீட்டர் நீளத்தில் நடைபாதையின் குறுக்கே படுத்திருக்கும். நின்றால் தானே எழுந்து போய்விடும். கொக்கு, சாம்பல் நாரை, வெண்மார்பு மீன்கொத்தி எல்லாம் காலையில் கரையில் காத்திருக்கும். குயில் கூவுவதைக் கேட்டால் ஊர் நினைவு வரும், அதே குயில்தான். தாமரைக் குளம் மேற்குப் பகுதியில் இருக்கிறது.

பீஷானிலிருந்து தோ பாயோ: வெயில் காயும் துண்டு

பூங்காவைத் தாண்டியதும் ஆறு மறுபடி சிமெண்டுக் கால்வாயாகிவிடுகிறது. சிங்கப்பூர்த் தமிழர்கள் 'லாங்காங்' என்று சொல்லும் சாக்கடையின் பெரிய அண்ணன். வருத்தப்பட வேண்டாம். இப்போதுதான் பார்த்துவிட்டு வந்த ஆறு எதிலிருந்து மீண்டது என்பதைக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடையாது.

பிரேடல் சாலையைக் கடந்து தோ பாயோ ஓரமாகப் போகும் இந்தத் துண்டுதான் வழியிலேயே கடினமானது. ஒரு பக்கம் கால்வாய்க் கம்பி வேலி, ஒரு பக்கம் வீடுகள், முன்னால் நீண்டு கிடக்கும் பாதை. நீங்கள் தெற்கு நோக்கி நடக்கிறீர்கள். காலை வெயில் இடது பக்கத்திலிருந்து வரும். ஆகவே இரண்டு கரையிலும் பாதை இருக்கும் இடங்களில் கிழக்குக் கரையை, அதாவது உங்கள் இடப்புறத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கே உள்ள புளோக்குகளின் நிழல் பாதைமேல் விழும். ஒன்பதரை வரைதான் இந்த உதவி. அதற்குப் பிறகு நிழல் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது கரையை விட்டு ஒரு வரிசை உள்ளே போய், புளோக்குகளின் வெற்றுத்தளம் வழியாகவும் கூரை போட்ட நடைபாதை வழியாகவும் நடங்கள். ஆற்றை ஐந்து நிமிடம் பிரிந்திருப்பதால் ஒன்றும் குறைந்துவிடாது. வெற்றுத்தளத்தில் சதுரங்கம் ஆடும் தாத்தாக்கள், பிள்ளைகளின் சைக்கிள்கள், ஏதாவது கல்யாணத்துக்கான பந்தல், இவையும் பார்க்க வேண்டியவைதான். நாட்டு மக்களில் ஏறக்குறைய பத்துப் பேரில் எட்டுப் பேர் இப்படிப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில்தான் வாழ்கிறார்கள்.

பாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மலைப்பாதையில் ஒவ்வோர் அடியும் வேறு மாதிரி விழும், அதனால் தசைகள் மாறி மாறி ஓய்வெடுத்துக்கொள்ளும். சமதளச் சிமெண்டில் ஒரே தசை, ஒரே மூட்டு, ஒரே குதிகால் ஆயிரக்கணக்கான தடவை அடி வாங்குகிறது. புல் ஓரம் கிடைத்தால் அதில் இறங்கி நடங்கள். அவ்வப்போது வேகத்தை மாற்றுங்கள். பாதை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தால், சைக்கிள் வராத நேரமாகப் பார்த்து, கொஞ்ச தூரம் மறுபக்க ஓரமாக நடங்கள். கணைக்கால் முன்பக்கத்தில் எலும்போரமாக வலி தொடங்கினால் அன்றைய நடையை அடுத்த நிலையத்தோடு முடித்துக்கொள்வது நல்லது. கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி, உரசத் தொடங்கியதுமே ஒட்ட வேண்டும். நீர் கோத்த பிறகு ஒட்டிப் பயனில்லை.

சைக்கிள்களும் இதே பாதையில்தான் வரும். மணிக்கு 25 கிலோமீட்டர் வரை அவற்றுக்கு அனுமதி. இடப்புறமாக, ஒருவர் பின் ஒருவராக நடங்கள். மணிச் சத்தம் கேட்டால் நடுவில் நின்று திரும்பிப் பார்க்காமல் இடப்பக்கமே தொடர்ந்து போங்கள், அவர்கள் வலப்பக்கம் கடந்துவிடுவார்கள். குடும்பமாகக் கைகோத்து வரிசையாக நடப்பதை வெற்றுத்தளத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

பொத்தோங் பாசிர்

சறுக்குமரம்போல் சரிந்த கூரையுடைய அடுக்குமாடி வீடுகள் கிழக்கே தெரிந்தால் பொத்தோங் பாசிர் வந்துவிட்டது. ஒரு காலத்தில் மணல் எடுத்த இடம், பிறகு காய்கறித் தோட்டங்கள், மழைக்கு மழை வெள்ளத்தில் மூழ்கிய பள்ளம். இங்கே ஸ்ரீ சிவதுர்கா ஆலயம் இருக்கிறது. ஆற்றோரத்திலிருந்து சிறிது விலகிப் போக வேண்டும். காலணியைக் கழற்றிக் குளிர்ந்த தரையில் பத்து நிமிடம் நின்றாலே பாதத்துக்குப் பாதிக் களைப்பு போய்விடும். அரைக்கால் சட்டையில் இருப்பவர்கள் ஒரு வேட்டியோ துண்டோ பையில் வைத்திருந்தால் நல்லது.

வடகிழக்கு ரயில் வழித்தடத்தின் பொத்தோங் பாசிர் நிலையமும் இங்கேயே இருக்கிறது. ஏறத்தாழ பாதித் தூரம் முடிந்திருக்கும். பிள்ளைகள் முரண்டு பிடித்தால், பெரியவர்களுக்கு மூச்சு வாங்கினால், இங்கே முடித்துக்கொண்டு லிட்டில் இந்தியாவுக்குச் சாப்பிடப் போய்விடுங்கள், அதே வழித்தடத்தில் சில நிலையங்கள்தான். மீதியை இன்னொரு காலையில் இங்கிருந்தே தொடரலாம். முழு வழியையும் ஒரே நாளில் முடித்தே தீர வேண்டும் என்ற பிடிவாதத்தால்தான் பலருக்கு இந்த ஆறு வெறுத்துப் போகிறது.

சாலைகள் வெட்டும் இடம்

பொத்தோங் பாசிரைத் தாண்டியதும் பான்-ஐலண்ட் விரைவுச்சாலை, பிறகு சிராங்கூன் சாலை, பிறகு காலாங் பாரு என்று பெரிய சாலைகள் ஆற்றைக் குறுக்கே வெட்டுகின்றன. ஆறு அடியில் போய்விடும். நடப்பவர்தான் சுற்ற வேண்டும். இந்த வெட்டுகளைப் பாலங்களாலும் சுரங்கப்பாதைகளாலும் இணைத்து, பீஷானிலிருந்து நகரம் வரை தடையில்லாத வழியாக்கும் திட்டத்தை நகர மறுசீரமைப்பு ஆணையம் 2017-இல் வெளியிட்டது. எனவே பழைய வரைபடத்தை நம்பிப் போகாமல், அந்தந்த இடத்தில் வைத்திருக்கும் வழிகாட்டிப் பலகையைப் பாருங்கள். வேலை நடக்கும் இடத்தில் வேலியைத் தாண்டிக் குறுக்கே போக வேண்டாம். சிராங்கூன் சாலையில் விளக்கு மாறும் வரை நில்லுங்கள், அங்கே வண்டிகள் வேகமாக வரும்.

கோலாம் ஆயர், கேலாங் பாரு

வாம்போ ஆறு வந்து சேரும் இந்த வட்டாரத்தில் ஆறு அகலமாகிறது, ஓட்டம் தணிகிறது. கோலாம் ஆயரில் 2008-இல் அமைத்த மிதவை மேடையில் நின்றால் தண்ணீர் காலுக்கு அருகே இருக்கும். கொஞ்சம் நின்றுவிட்டு நடையைக் கட்டலாம். பசி எடுக்கும் நேரம்.

கேலாங் பாருவில் ஈரச்சந்தையோடு சேர்ந்த உணவங்காடி நிலையம் இருக்கிறது. வியர்த்து வந்தவுடன் பால் கலந்த இனிப்புத் தேநீர் வேண்டாம். பானக் கடையில் "ஆன்ட்டி, தே ஓ கோசோங் பெங்" என்று சொல்லுங்கள். பாலும் சீனியும் இல்லாமல் பனிக்கட்டி போட்ட தேநீர் வரும். 'கோசோங்'கை விட்டுவிட்டால் சீனியோடு வரும். இளநீர் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களே எடுத்துப்போய் அதற்குரிய அடுக்கில் வைக்க வேண்டும். இது 2021 முதல் கட்டாயம். சைவம் சாப்பிடுகிறவர்கள் சீனச் சைவக் கடை இருக்கிறதா என்று பார்க்கலாம், பெரும்பாலான நிலையங்களில் ஒன்று இருக்கும். பூண்டு, வெங்காயம்கூடப் போடாத கடைகள் உண்டு.

டவுன்டவுன் வழித்தடத்தின் கேலாங் பாரு நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் இது இரண்டாவது இறங்குமிடம்.

படுகை

கடைசிக் கிலோமீட்டரில் காற்று மாறும். காலாங் ஆற்றங்கரைப் பூங்காவுக்குள் நுழையும்போது தென்னைகளும் புல்வெளியும், எதிரே தேசிய விளையாட்டரங்கத்தின் வெள்ளைக் குவிமாடமும் தெரியும். 2014-இல் திறந்தது, குவிமாடத்தின் வீச்சு 310 மீட்டர். தண்ணீரில் டிராகன் படகுகள் தாளத்துக்குத் துடுப்புப் போட்டுக்கொண்டிருக்கும்.

ராஃபிள்ஸ் 1819-இல் வந்து இறங்கியபோது இந்த முகத்துவாரத்தில் ஓராங் காலாங் என்ற படகு மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். பிறகு அவர்களை ஜோகூருக்கு அனுப்பிவிட்டார்கள். ஆற்றின் பெயரிலேயே அவர்கள் பெயர் நிலைத்திருக்கிறது. 1862-இல் கரையில் எரிவாயு ஆலை வந்தது, நகரத் தெருவிளக்குகள் அதில் எரிந்தன. ஆலை மூடப்பட்டது 1998-இல். மரம் அறுக்கும் ஆலைகள், படகு கட்டும் துறைகள், மேலே பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணை எல்லாமாகச் சேர்ந்து 1970-களில் இந்தப் படுகை கறுத்து நாறியது. பத்து ஆண்டில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் படுகையிலும் மீன் பிடிக்க முடிய வேண்டும் என்று 1977-இல் பிரதமர் லீ குவான் யூ இலக்கு வைத்தார். பண்ணைகளும் பட்டறைகளும் இடம் மாறின, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீவக வீடுகளுக்குப் போயின, அடிச் சேற்றை அள்ளினார்கள். 1987-இல் துப்புரவு முடிந்தது. 2008-இல் மரினா அணைக்கட்டு கடலை அடைத்ததும் இந்த உப்பங்கழி மெல்ல மெல்ல நன்னீர் ஏரியானது. நீங்கள் காலையில் மிதிகற்களில் தாண்டிய தண்ணீர் இங்கே வந்து, சுத்திகரிப்புக்குப் பிறகு குழாயில் திரும்பி வருகிறது. பூங்காவில் பிள்ளைகள் தூக்கியெறியும் மிட்டாய்த் தாளும் இதே இடத்துக்குத்தான் வரும், அதை அவர்களிடம் இங்கே நிறுத்திச் சொல்லுங்கள்.

கால் தெம்பாக இருந்தால் படுகையைச் சுற்றி தஞ்சோங் ரூ வழியாக மரினா அணைக்கட்டு வரை போகலாம். ஆனால் அந்த வழி வெட்டவெளி. பத்து மணிக்கு மேல் நான் யாரையும் அனுப்ப மாட்டேன். மாலையில் தனியாக வந்து செய்யுங்கள்.

வீடு திரும்பக் காலாங் நிலையம்தான் பக்கம். காலாங் சாலையில் ஸ்ரீ மன்மத காருணீஸ்வரர் ஆலயம் இருக்கிறது, பழைய சிவன் கோயில். பார்க்க விரும்புகிறவர்கள் படுகையில் அதிக நேரம் உட்கார்ந்துவிடாமல் பதினொரு மணிக்குள் போய்விடுங்கள். நண்பகல் வாக்கில் நடை சாத்திவிட்டால் மாலையில்தான் திறப்பார்கள். கோயிலிலிருந்து லவண்டர் நிலையத்துக்கும் நடக்கலாம், காலாங்குக்கும் திரும்பலாம். இரண்டும் கிழக்கு-மேற்கு வழித்தடமே.